முதல் படி

சேலம் ஏற்காட்டுச் சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937-ல் ‘சதி அகல்யா’வையும், 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ படத்தையும் தந்தது. நடிகர்களை நாம் மறக்கவில்லை, வால்வை மறந்துவிட்டோம். 1906-ல் லீ டி பாரஸ்ட் அதில் மூன்றாவது முனையைச் சேர்த்திராவிட்டால், படச்சுருளின் ஓரத்திலிருந்த ஒலி தரை டிக்கெட்டைக்கூட எட்டியிராது!

கொட்டகையில் போட்டோ செல் எழுப்பும் மின்சாரம் அற்பம். அதை முதலில் பிரீஆம்ப் வளர்க்கும். பிறகு ஆம்ப்ளிபயர் பலம் கொடுக்கும். வீட்டில் இசைத்தட்டு கேட்பவருக்கும் அதே இரண்டு படிகள்தாம். ஊசி தருவது சில மில்லிவோல்ட்டே.

இவற்றில் எதை முதலில் மாற்றுவது? பலரும் வாட்டைத்தான் விசாரிக்கிறார்கள். வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். 1947-ல் இங்கிலாந்துப் பத்திரிகையொன்றில் வில்லியம்சன் வெளியிட்ட 15 வாட் ஆம்ப்ளிபயரிலேயே ஒலிச் சிதைவு 0.1 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனால் முதல் படியில் புகுந்த இரைச்சலை இரண்டாம் படி களையாது. பாட்டோடு சேர்த்து வளர்க்கும்.

ஊசியைத் தூக்கிவிட்டு ஒலியைக் கூட்டிப் பாருங்கள். இரைச்சலும் கூடினால் பிரீஆம்பை மாற்றுங்கள். தவில் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் ஒலி உடைந்தால் ஆம்ப்ளிபயரை மாற்றலாம். இரண்டும் இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு இசைத்தட்டுகள் வாங்குங்கள் என்பதே என் கட்சி.