ஏ9 வீதியில் ஒரே காருக்கு இரண்டு வேலை

இலங்கையில் கார் ரேஸ் ஓடியவர்களில் பெரும்பாலோர் திங்கட்கிழமை காலையில் அதே காரில்தான் வேலைக்குப் போனார்கள். ரேஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும் வசதி மிகச் சிலருக்கே வாய்த்தது. மற்றவர்கள் கடன்பட்டு இரண்டாவது கார் ஒன்றை வாங்கினாலும் அது பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட வேண்டும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வேண்டும், மழையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புழுதியில் முழு வேகத்தில் சுற்றவும் வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே வண்டியிடம் வாங்கும் கைத்தொழில் எங்கள் கராஜ்களில் வளர்ந்தது. நான் அந்தத் தொழிலில் வயதானவன். அது எப்படி வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

என் கராஜ் நாலந்தாவில், ஏ9 வீதியோரம். மாத்தளையிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர். அடுத்து நாவுல, அதைத் தாண்டினால் தம்புள்ளை. சிகிரியா விமானப்படை முகாமில் ரேலி கிராஸ் என்ற புழுதி ரேஸ் நடக்கும். மின்னேரியாவில் பீரங்கிப் படையின் கன்னர் சூப்பர் கிராஸ், அநுராதபுரத்துச் சாலியபுரவில் கஜபா சூப்பர் கிராஸ். கண்டி, மாத்தளைப் பக்கத்து ஆட்கள் இவற்றுக்குப் போகும் பாதை எங்கள் வாசல் வழியே போகிறது. பணமுள்ளவன் காரை லொறியில் ஏற்றிப் போவான். இல்லாதவன் ஓட்டிக்கொண்டே போவான். டிக்கியில் நாலு டயர், பின் சீட்டில் தம்பி, ஹெல்மெட், சோற்றுப் பார்சல்.

இந்த வீதிக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு காரை விடப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். என் பாட்டனின் பாட்டன் இப்படி வந்தவர்தான். பிறகு தோட்டம் தோட்டமாக மலையை வெட்டிப் பாதை போட்டதும் இந்தச் சனம்தான். இலங்கையின் மிகப் பழைய கார்ப் போட்டி அப்படிப்பட்ட ஒரு பாதையிலேயே தொடங்கியது. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் 1934இல் அதை நடத்தினார்கள். இரண்டு பக்கமும் தேயிலை, நடுவே ஒடுக்கமான வளைவுகள். ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். ஏப்ரல் வசந்த காலம் வந்தால் இன்றும் அங்கே கார்கள் ஏறுகின்றன. அன்று ஓட்டியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார். ஆனால் வார நாட்களில் மலையைச் சுற்றிப் பார்த்த அதே காரில்தான் அவர்களும் ஓடினார்கள். பாதையைப் போட்டவர்களின் பிள்ளைகள் மேட்டில் நின்று பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பிற்பாடு துரைமாரின் காருக்குக் கீழே படுத்து வேலை கற்றுக்கொண்டார்கள். மலையகத்துத் தமிழ் மெக்கானிக்குகளில் பலருடைய பரம்பரை அங்கேதான் தொடங்குகிறது.

மலைப்பாதைக்கு அடுத்தபடி ரேஸுக்கு இடம் கொடுத்தது இரண்டாம் உலகப் போர். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அந்தப் போர் ஆண்டுகளில் தீவெங்கும் விமான ஓடுபாதைகள் போடப்பட்டன. எங்கள் மாவட்டத்துச் சிகிரியா, அதற்கு அப்பால் மின்னேரியா, தெற்கே களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த. போர் முடிந்ததும் விமானங்கள் போயின, நீண்ட நேரான தளம் மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் இப்படித்தான் ரேஸ் திடலானது. சென்னைக்குப் பக்கத்துச் சோழவரமும் போர்க்கால ஓடுபாதைதான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது. நம் நாட்டு ஓட்டுநர்களும் கடல் கடந்து போய் அங்கே ஓடினார்கள். இங்கே கட்டுக்குருந்தவிலும் இரத்மலானையிலும் ஓடினார்கள்.

எந்தக் காரில் ஓடினார்கள் என்பதுதான் என் விஷயம். மொரிஸ் மைனர், ஃபோர்ட் ஆங்லியா, 1959க்குப் பிறகு மினி. மைனரையும் மினியையும் வரைந்தவர் ஒருவரே, அலெக் இசிகோனிஸ். இரண்டுமே சாதாரணக் குடும்பங்களுக்காகச் செய்த கார்கள். மினி 848 சிசி இஞ்சினோடு வந்தது. அதன் கூப்பர் ரகம் 1964, 65, 67 ஆகிய ஆண்டுகளில் மொண்டி கார்லோ ரேலியை வென்றபோது, பெரிய காரால்தான் ஓட முடியும் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு கிளார்க்கோ வாத்தியாரோ கனவு காணக்கூடிய காராக அது இருந்தது. மலிவான கார், நாலு மூலையிலும் சக்கரம், எடை குறைவு. என்னைப் பொறுத்தவரை இன்றுவரை இரண்டு வேலைக்கும் பொருந்தும் காருக்கு இலக்கணம் இவ்வளவுதான்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றிப்போய் கார் இறக்குமதியை அரசாங்கம் நெரித்தது. 1970க்குப் பிறகு கதவு கிட்டத்தட்ட முழுதாகவே சாத்திக்கொண்டது. நான் மாத்தளையில் ஒரு கராஜில் எடுபிடியாகச் சேர்ந்தது அந்தக் காலத்தில். அங்கே எனக்கு வேலை சொல்லித்தந்தவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிட்டோம். புதுக் கார் கிடையாது, பிஸ்டன் ரிங் கிடையாது, சில மாதம் டயரும் கிடையாது. அதனால் ரேஸ் ஓடுபவனுக்கு இன்னொரு கார் என்ற பேச்சே எழவில்லை. இருக்கும் ஒன்றை உடைத்துக்கொள்ளாமல் ஓட வேண்டும், ஓடியபின் அதில் வீட்டுக்கும் போக வேண்டும்.

பாஸின் கைவேலையை ஒரு மொரிஸ் மைனரில் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்தில் ஆணியால் இரண்டு கோடு கீறியிருந்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. சனிக்கிழமை கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, நீளக் கோட்டுக்குக் கொண்டுபோவார். தீப்பொறி கொஞ்சம் முந்தி விழும், ஏற்றத்தில் இழுவை கூடும். ஞாயிறு இரவு குட்டைக் கோட்டுக்குத் திருப்பியாக வேண்டும். விட்டால் அன்றைக்குக் கிடைத்த பெட்ரோலுக்கு இஞ்சின் ‘நொக்’ அடிக்கும், நாளடைவில் பிஸ்டன் போய்விடும். “டேய், இந்தக் கோடு ரேஸுக்கு, அந்தக் கோடு சோத்துக்கு, மாத்திப் போட்றாத” என்பார். பின் சீட், ஸ்பெயர் வீல், ஜாக்கி, கால்மிதி எல்லாவற்றையும் கழற்றி கராஜ் மூலையில் வரிசையாக வைப்பார், எதை எங்கே எடுத்தாரோ அந்த ஒழுங்கில். கழற்றின ஆணி ஒவ்வொன்றும் பழைய பால்மா டின்களில், டின்னுக்கு மேல் சுண்ணாம்பில் எழுத்து.

அதே ஆண்டுகளில் எங்கள் ஊரில் நாலந்தா கெடிகேயைப் பிரித்தார்கள். திராவிடக் கட்டட முறையில் கருங்கல்லால் எழுப்பிய பௌத்தக் கோயில் அது, ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையானது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்ததால் தண்ணீர் கோயிலை மூடிவிடும் என்று 1975 தொடங்கிக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்பக் கட்டினார்கள். கழற்றியதை அதே இடத்தில் திரும்பப் பூட்டத் தெரிவதுதான் வேலை என்று பாஸ் எங்களைக் கூட்டிப்போய் அதைக் காட்டினார். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர் பெயரும் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனார். போகும்போது ஸ்பேனர் செட்டை எனக்குக் கொடுத்தார். பிறந்த மண்ணில் அவ்வளவு திறமையோடு இருந்த மனிதனை ஒரு காகிதம் அனுப்பிவைத்ததை என்னால் இன்னமும் பொறுக்க முடியவில்லை.

1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் வந்து குவிந்தன. இங்கே ஒரு காரின் வயதை இலக்கத் தகட்டில்தான் படிப்போம்: ஸ்ரீ கார், எண்களுக்கு நடுவே கோடு மட்டும் உள்ள டேஷ் கார், அதன்பின் ஆங்கில எழுத்துக் கார். அந்த ஸ்ரீ எழுத்துக்கே ஒரு இரத்தக் கதை உண்டு. 1950களின் கடைசியில் தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்தபோது வடக்கில் அதன்மேல் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பலகைகள்மேல் தார் பூசினார்கள், 1958 மே மாதம் கலவரம் வெடித்தது. இன்று பையன்கள் ‘நல்ல ஸ்ரீ வண்டி’ என்று ஆசையாகத் தேடும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

ஜப்பான் வண்டிகளில் இந்த நாட்டு ரேஸுக்கு வாழ்வு கொடுத்தவை மஸ்டாவும் ஃபோர்ட் லேசரும். பெயர்தான் ஃபோர்ட், 1981இல் வந்த அந்த லேசர் உள்ளே முழுக்க மஸ்டா 323. ஆகவே ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தும். 1300 சிசி, முன் சக்கர இழுவை, எடை 800 கிலோவைச் சுற்றி. இந்த இரண்டுக்குமென்றே நம் நாட்டில் ஒரு ரேஸ் பிரிவு இருக்கிறது. வாத்தியாரும் ஓட்டினார், வியாபாரியும் ஓட்டினார், காசு வித்தியாசம் வண்டியில் அவ்வளவாகத் தெரியாது. கார்பரேட்டர் வண்டி என்பதால் பாஸின் இரண்டு கோடு அதிலும் பலித்தது.

அந்தக் காலத்தில்தான் ரேஸ் படை முகாம்களுக்குள் போனது. தியத்தலாவை இராணுவக் கல்லூரியில் ஃபாக்ஸ் ஹில் சூப்பர் கிராஸை 1993இல் ஆரம்பித்தார்கள். நாடு போரில் எரிந்துகொண்டிருந்த நேரம். ஏ9 வீதி வவுனியாவுக்கு அப்பால் எங்களுக்கு இல்லை. தமிழ் மெக்கானிக் ஒருவன் ரேஸ் காரோடு இராணுவ முகாம் வாசலில் நிற்பதென்றால் என்னவென்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அடையாள அட்டை, ஊர், அப்பன் பெயர், எதற்கு வந்தாய், ஸ்பேனர் பெட்டியைத் திற. உள்ளே போனபின் அதே சிப்பாய் நான் டியூன் பண்ணின கார் முந்தும்போது கைதட்டுவான். அந்தக் கைதட்டலை நான் வெறுத்ததில்லை. வாசலில் நின்ற நேரத்தை மறந்ததும் இல்லை.

இந்த வருடம் என் அக்காள் மகன் வந்து, “மாமா, ரெண்டாவதா ஒரு வண்டி எடுக்கப் போறேன். வேலைக்கும் போகணும், சிகிரியாவுலயும் ஓடணும். லேசரா, நிஸான் மார்ச்சா?” என்று கேட்டான். கேள்வி லேசாகத் தெரிந்தாலும் காலம் லேசானதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய கார்களின் விலை வருடா வருடம் ஏறியது. ஓட ஓட விலை கூடும் காரை எந்த நாட்டில் பார்க்கலாம்? 2022இல் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெட்ரோல்தான், ரேஸைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. ஆனால் பல கார்களுக்கு வரி அவற்றின் இறக்குமதி விலையைத் தாண்டுகிறது. எனவே பையன்கள் திரும்பவும் டேஷ் வண்டிகளிடம்தான் வருகிறார்கள்.

இரண்டு வண்டி பார்க்கப் போனோம். லேசர் வெளியில் மினுமினுத்தது. எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வெளிறிய பசை ஒட்டியிருந்தது. தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட் சந்தேகம். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கினால் ஸ்பெயர் வீல் குழியில் புதுப் பெயின்ட், அதற்குக் கீழே விரலால் அழுத்தினால் பொறுபொறுவென்று துரு. நிஸான் மார்ச்சோ 1992க்குப் பிந்திய கே11 ரகம், 997 சிசி, பார்வைக்கு மங்கல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டினேன், முன் சக்கரத்திலிருந்து கடகடச் சத்தம் இல்லை. முன் ஷொக் அப்சோபர் ஏறும் வாயில் விரிசல் இல்லை. சாமான் தம்புள்ளையிலேயே கிடைக்கும். மார்ச்சுக்கும் ரேஸ் பிரிவு இருக்கிறது. மார்ச்சை எடுக்கச் சொன்னேன்.

நான் சொன்ன இன்னொன்றில் அவனுக்குச் சம்மதமில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் ஒரு கார் பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அதில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றும். அதற்குப் பிறகு ரேஸ் என்றால் முதலில் வேலியையும் சனம் நிற்கும் இடத்தையும்தான் நான் பார்க்கிறேன். பையன் வண்டிக்குள் இரும்புக் குழாய்க் கேஜ் போட்டால் போதும் என்கிறான். புழுதியில் புரளக்கூடிய காருக்குக் கேஜ் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஹெல்மெட் போட்ட தலைக்குக் கேஜ் காவல். ஹெல்மெட் இல்லாமல் வேலைக்குப் போகிறவன் தலைக்கு அதே இரும்புக் குழாய் எமன். பின் சீட்டில் என் அக்காள் உட்காரும் காரில் அதை நான் பூட்டமாட்டேன். பாஸின் இரண்டு கோட்டால் தீராத இடம் இது. ஒரே காருக்கு இரண்டு வேலை என்று நான் கற்ற தொழில் இங்கே முடிகிறதென்றால் முடியட்டும்.

கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம். மார்ச்சில் அவன் இந்த வருடம் வேலைக்குப் போவான், நேரம் பார்த்து ஒவ்வொரு காராக விடும் போட்டிகளில் மட்டும் ஓடுவான். பிரேக் ஃப்ளூயிட் மாற்றி, பேட்டரியைப் பட்டியடித்து, நாலு நல்ல டயர் வாங்க வேண்டும். சிகிரியாவுக்கு லேசர் ஒன்றின் வெறும் கூடு தேடுகிறோம். கலேவெலப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டிலில் இருப்பதாகச் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.