தங்க வண்டியும் தையல் பிள்ளைகளும்



பழவேற்காட்டில் இருக்கிற டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்காதவங்க நம்ம குழுக்களில் யாரும் இருக்க மாட்டாங்க. வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பயப்படாத பிள்ளையும் இருக்காது. தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறதால கல்லறை நிக்குது. 1613-ல் கட்டின கெல்ட்ரியா கோட்டையோ மண்மேடும் முள்புதருமாப் போயிடுச்சு. அந்த டச்சுக்காரர்களின் சொந்த நாடான நெதர்லாந்தில் ஒரு பழைய குதிரை வண்டி இருக்கு. அந்த வண்டிக்கும் நம்ம ஏரிக்கரைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. மலரில் இதை எழுதச் சொன்னப்போ எங்க கூட்டத்திலேயே அதைத்தான் கேட்டாங்க.

அந்த வண்டிக்குத் தங்க வண்டின்னு பேர். ஆனா முழுக்கத் தங்கம் கிடையாது. தேக்கு மரத்தில் செய்து மேலே தங்கத் தகடு ஒட்டினது. 1898-ல் வில்ஹெல்மினா என்ற 18 வயசுப் பெண் ராணியா பட்டம் ஏறினாங்க. ஆம்ஸ்டர்டாம் நகரத்து மக்கள் காசு திரட்டி அவங்களுக்கு இந்த வண்டியைப் பரிசாக் கொடுத்தாங்க. பணக்காரங்க மட்டும் கொடுத்த பணம் இல்லை அது. கூலி வேலை செய்யறவங்க குடியிருந்த தெருக்களிலும் சில்லறை சில்லறையா சேர்த்தாங்க. மாசாமாசம் சந்தா கட்டி வளர்ந்த நமக்கு அந்தச் சில்லறையோட பாரம் என்னன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்பைக்கர் என்ற அண்ணன் தம்பி பட்டறையில் வண்டி தயாராச்சு. ஜாவா தீவிலிருந்து தேக்கு வந்தது, சுமத்ரா தீவிலிருந்து யானைத் தந்தம் வந்தது. ரெண்டும் அப்போ டச்சுக்காரங்க ஆண்ட தீவுகள். வண்டிக்குள்ளே போட்டிருக்கிற பூத்தையலைச் செய்தது யாரு தெரியுமா? ஆம்ஸ்டர்டாம் நகர ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகள். அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க உட்கார்ந்து ஊசியால குத்திக் குத்திப் போட்ட பூ மேலதான் ராணி சாய்ஞ்சு உட்கார்ந்தாங்க. வண்டியைப் பற்றிப் பேசறவங்க பட்டறை முதலாளி பேரைச் சொல்லுவாங்க, படம் வரைஞ்ச வான் டெர் வாய் பேரைச் சொல்லுவாங்க. தையல் போட்ட பிள்ளைகளை "இல்லத்துப் பிள்ளைகள்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.

அந்தப் படத்தில்தான் பிரச்சினை. வண்டியின் இடது பக்கப் பலகையில் "காலனிகளின் காணிக்கை"ன்னு ஒரு சித்திரம். நடுவில் சிம்மாசனத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவங்கதான் நெதர்லாந்து நாடாம். சுற்றிலும் கறுப்பு மக்களும் ஆசிய மக்களும் குனிஞ்சும் மண்டியிட்டும் விளைஞ்சதைக் கொண்டுவந்து கொடுக்கறாங்க. வருஷா வருஷம் செப்டம்பரில் நாடாளுமன்றம் திறக்க அரசரோ ராணியோ இந்த வண்டியில்தான் போவாங்க. 2015 வரைக்கும் அப்படிப் போனாங்க.

இங்கேதான் நம்ம பழவேற்காடு வருது. டச்சுக் கம்பெனி இங்கிருந்து துணி வாங்கிக் கப்பல் ஏத்தினது எல்லாரும் சொல்லற கதை. அதே கப்பல்களில் ஆட்களையும் ஏத்தினாங்க. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பசிக்குப் பிள்ளையை விற்றவங்களும், கடனுக்குத் தன்னையே விற்றவங்களும் அடிமைகளா பத்தாவியாவுக்கும் மற்ற தீவுகளுக்கும் போனாங்க. இன்னிக்கு ஜகார்த்தாதான் அன்னிக்கு பத்தாவியா. பழவேற்காடு அந்த வியாபாரத்துக்கு ஒரு முக்கியத் துறைமுகம். 2022 டிசம்பர் 19-ல் நெதர்லாந்துப் பிரதமர் ருட்டே அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார். ஆசியாவில் கம்பெனி ஆண்ட பகுதிகளில் 6 லட்சத்து 60 ஆயிரம் முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரை வாங்கி விற்கப்பட்டாங்கன்னு அந்தப் பேச்சிலேயே சொன்னார். சரியான எண்ணிக்கை அவங்களுக்கே தெரியாது. கல்லறையில் டச்சுக்காரங்க பேர், வயசு, இறந்த நாள் எல்லாம் கல்லில் வெட்டியிருக்கு. கப்பல் ஏறிப்போன நம்ம ஜனத்துக்கு ஒரு கல்கூட இல்லை.

வண்டி பழசாகி மரம் தளர்ந்ததால 2016-ல் சீரமைக்க எடுத்தாங்க. அஞ்சு வருஷ வேலை, 12 லட்சம் யூரோ செலவு. முடிஞ்சதும் நேரா அரண்மனைக்குப் போகலை. 2021 ஜூன் மாசம் ஆம்ஸ்டர்டாம் நகர அருங்காட்சியகத்துக்கு வந்தது. வாசல் வழியா நுழையாததால கிரேனில் தூக்கிக் கூரைக்கு மேலே கொண்டுபோய் முற்றத்தில் இறக்கி, கண்ணாடிக் கூண்டுக்குள்ளே வெச்சாங்க.

அந்த அருங்காட்சியகம் அப்போ இருந்த கட்டடம் எதுன்னு நினைக்கிறீங்க? அதே பழைய ஆதரவற்றோர் இல்லம்தான்! பிள்ளைங்க போட்ட தையல் 120 வருஷத்துக்கு மேல ஊர் சுற்றிவிட்டுத் தாய்வீட்டு முற்றத்துக்கே திரும்பி வந்துடுச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு மனசு என்னவோ ஆச்சு.

கூண்டைச் சுற்றி இருந்த அறைகளில் வண்டியின் பெருமையை மட்டும் சொல்லலை. பலகைச் சித்திரத்தால மனசு புண்பட்டவங்க சொன்னதையும் சேர்த்தே வெச்சாங்க. சித்திரத்தை அழிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எனக்கு அதுதான் சரின்னு படுது. அழிச்சிட்டா நடக்கவே இல்லைன்னு நாளைக்குச் சொல்லிடுவாங்க. 2022 ஜனவரியில் அரசர் வில்லெம் அலெக்சாண்டர், நாடு தயாராகிற வரைக்கும் இந்த வண்டி ஓடாதுன்னு அறிவிச்சார். இப்போ விழாவுக்குக் கண்ணாடி வண்டியில் போறாங்க. 2023 ஜூலை 1-ல் அவரும் மன்னிப்புக் கேட்டார்.

நம்ம நாட்டிலும் வைஸ்ராய் ஏறிப்போன ஒரு பழைய சாரட்டு வண்டி இருக்கு. 1947-ல் நாடு பிரிஞ்சப்போ இந்தியாவுக்கா பாகிஸ்தானுக்கான்னு காசு சுண்டிப் பார்த்து நமக்குக் கிடைச்சதுன்னு சொல்லுவாங்க. 2024 குடியரசு தினத்தில் அதில் ஏறிப்போனது ஒரு சந்தால் பழங்குடிப் பெண், நம்ம குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. அவங்க ஏறிப்போன அந்தச் சாரட்டை நான் டிவியில் ரெண்டு தடவை பார்த்தேன்.

நம்ம கரையில் சாரட்டும் கிடையாது, தங்கத் தகடும் கிடையாது. ஆனா இடுப்பளவு தண்ணியில் கையால இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள் வாயில் கடிச்சுக்கிட்டுப் போற பனையோலைப் பறி இருக்கு. ஓலை இத்துப் போச்சுன்னா அடுப்பில் போட்டுடறோம். பின்னினவங்க யாருன்னு எழுதி வைக்கறதில்லை. குழு ஆரம்பிச்ச நாளில் எழுதின தீர்மான நோட்டுகளும் அப்படித்தான், சில குழுக்களில் கரையான் அரிச்சுப் போச்சு. முதல் பக்கத்தில் கைநாட்டு வெச்சவங்க, அப்புறம் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க எல்லார் பேரும் அதில்தான் இருக்கு. பசியாவரத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் பழைய நோட்டு, பறி, வலை, சேமிப்பு டப்பா எது இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. யார் பின்னினது, யார் எழுதினது, எந்த வருஷம்னு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க.