பீவி: மரம் புரட்டும் கருவியும் அதன் பெயரும்

செய்தவன் பெயர் அவன் செய்த பொருளுக்கு ஆகி வருவதனைக் கருத்தாவாகுபெயர் என்பர் இலக்கண நூலார். திருவள்ளுவர் என்னும் பெயர் அவர் இயற்றிய நூலைக் குறித்தல் இதற்கு எடுத்துக்காட்டு. நூலுக்கேயன்றித் தொழிற்கருவிக்கும் இவ்வழக்கு உண்டு. மரம் புரட்டும் கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பீவி' என்னும் பெயரை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மெய்ன் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் மரத்தொழில் செழித்திருந்தது. பனிக்காலத்தில் வெட்டிய மரங்களை, பனி உருகும் இளவேனிலில் பெனாப்ஸ்காட் ஆற்று வெள்ளத்தில் மிதக்கவிட்டு, பேங்கர் நகருக்கு மேலிருந்த மரம் அறுக்கும் ஆலைகளுக்குச் செலுத்தினர். மரங்கள் பாறையில் தடைப்பட்டு ஒன்றன்மேலொன்று ஏறி ஆற்றை அடைப்பதும் உண்டு. அப்போது தொழிலாளர் அவற்றின்மேல் நின்றே புரட்டி விடுவித்தனர். அன்றிருந்த புரட்டுகோலின் கொக்கி தளர்ந்து தொங்கிப் பக்கவாட்டிலும் ஆடியது. கொக்கி வழுவின், கோலை அழுத்துவோன் நிலைகுலைந்து ஆற்றில் வீழ்தல் கூடும்.

ஸ்டில்வாட்டர் என்னும் ஊரில் கொல்லராயிருந்த ஜோசப் பீவி, 1858-ஆம் ஆண்டளவில் இக்குறையை நீக்கினார். கோலை இறுகப் பற்றும் இரும்புப் பூணில் கொக்கியை ஆணியாற் பிணைத்து, அது மேலும் கீழுமாக மட்டுமே அசையச் செய்தார். கோலின் நுனியில் கூரிய முள்ளையும் பொருத்தினார். முள் ஒருபுறம் ஊன்ற, கொக்கி மறுபுறம் கவ்வ, நீண்ட கோல் நெம்புகோலாயிற்று. தனியொருவன் பெருமரத்தைப் புரட்டுதல் இயல்வதாயிற்று.

நிலத்திற் கிடக்கும் மரத்தைத் துண்டிடுவோர்க்கும் இக்கருவி துணையாயிற்று. இருவர் இழுக்கும் வாளில், வெட்டுப்பற்கள் நாரை இருபுறமும் அறுக்கும். இடையிடையே அமைந்த வாரும் பற்கள் அறுபட்ட நாரை வெளியே கொணரும். அறுத்த வாய் ஒடுங்கி வாளை இறுக்காதிருக்க ஆப்பு அறைவர். வாள் மண்ணைத் தீண்டின் பல் மழுங்கும். ஆதலின், பெரும்பகுதி அறுத்தபின் மரத்தைப் புரட்டி, எஞ்சியதை மேலிருந்து அறுப்பர். எனவே, புரட்டுதலை அறுத்தலின் ஓர் உறுப்பு என்றே கொள்ளல் வேண்டும்.

இனி, பெயரை நோக்குவோம். கோலும் கொக்கியும் பீவிக்கு முன்னரே இருந்தவை. அவற்றை முதலில் இணைத்த கொல்லர் பெயரோ, அவற்றின் குறையைத் தம் உயிர் கொடுத்து உணர்த்திய தொழிலாளர் பெயரோ இக்கருவியில் இல்லை. எனினும், பீவியின் புகழ் தகாததன்று. பலர் கண்ட குறையைத் தீர்த்தது அவர் அமைத்த பூணும் முள்ளுமே.

மெய்ன் மாநிலத்து ஆறுகளில் மரம் மிதக்கவிடும் தொழில் 1976-ஆம் ஆண்டில் கென்னபெக் ஆற்றோடு முடிவுற்றது; கருவியும் பெயரும் இன்றும் வழங்குகின்றன. பீவி என்பது கருத்தாவாகுபெயரே. ஆயின், இலக்கணம் காட்டும் கருத்தா ஒருவர். வரலாறு காட்டும் கருத்தாக்கள் பலர் என்பது நம் துணிபு.