பிரிண்டர் கேபிளும் நான் பாக்கி வைத்த ஒரு பதிலும்



பள்ளிக்கு முதன்முதலாகக் கணினி வந்த சமயம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பிரிண்டர் கேபிளைக் கையில் எடுத்து, "சார், இந்த முனை தட்டையா இருக்கு, அந்த முனை மட்டும் ஏன் சதுரமா இருக்கு?" என்றான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாம உட்காரு" என்று அதட்டிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. போன வாரம் பேத்தி அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை உட்கார்ந்து படித்தேன்.

முன்பெல்லாம் கீபோர்டுக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒன்று, பிரிண்டருக்குத் திருகு வைத்த அகலமான இன்னொன்று. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக் உட்பட ஏழு நிறுவனங்கள் கூடி, 1996 ஜனவரியில் யுஎஸ்பி விதிமுறையை வெளியிட்டன. இன்டெல் தரப்பில் முன்னின்றவர் பரோடாவில் படித்த அஜய் பட்.

அதில் ஒரு கண்டிப்பான விதி. கேபிளின் ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் டிவைஸ். நம் வகுப்பில் நான் பெயர் கூப்பிட்டால்தானே நீங்கள் "உள்ளேன் ஐயா" சொல்வீர்கள்? அப்படித்தான். ஹோஸ்ட் கேட்டால்தான் டிவைஸ் பேசும். மின்சாரம் தருவதும் ஹோஸ்ட்தான். இரண்டு ஹோஸ்ட்களைத் தவறுதலாக இணைத்துவிடக் கூடாதே! அதனால்தான் வாத்தியார் பக்கம் தட்டை, மாணவர் பக்கம் சதுரம்.

வாத்தியார் வேலை லேசானதா என்ன? மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மணியடித்து, யார் முறை என்று பார்த்து, தப்பாக வந்த பதிலைத் திரும்பக் கேட்க வேண்டும். கணினியில் அதற்கான சிப் மதர்போர்டிலேயே இருந்தது, கணினியின் நினைவகத்தை நம்பி வேலை செய்தது. சின்னக் கருவிகளுக்கு அந்த வசதி ஏது? கேமராவும் மாணவர், பிரிண்டரும் மாணவர். நடுவில் கணினி இல்லாமல் படம் அச்சாகாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவற்றில் ஒன்று பிலிப்ஸ் கம்பெனியின் ஐஎஸ்பி1161. 64 கால்கள் கொண்ட ஒரே சிப்பில் இரண்டு ஹோஸ்ட் வாயில், ஒரு டிவைஸ் வாயில். வாத்தியாரும் மாணவரும் ஒரே ஆள்! வேகம் நொடிக்கு 12 மெகாபிட். தனக்கான நினைவகத்தை வயிற்றிலேயே வைத்திருந்ததால், சாதாரணச் சின்ன பிராசஸரோடும் 16 கம்பிகள் வழியாகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும். சைப்ரஸ் கம்பெனியின் எஸ்எல்811எச்எஸ் என்ற சிப்பும் இப்படித்தான், ஹோஸ்டாகவும் இருக்கும், டிவைஸாகவும் இருக்கும். அதன் உள் நினைவகம் மொத்தமே 256 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் எழுதி வைக்க முடியாது!

2001 டிசம்பரில் ஓடிஜி விதி வந்தது. இரண்டு கருவிகள் தங்களுக்குள் பேசி, யார் வாத்தியார் என்று முடிவு செய்துகொள்ளலாம். பிறகு இந்த வேலை பிராசஸருக்குள்ளேயே போய்விட, தனிச் சிப்புக்குத் தேவை குறைந்தது. இன்று நீங்கள் போனில் பென் டிரைவைச் செருகுகிறீர்களே, அந்த வழியில் வந்ததுதான்.

அந்த மாணவன் இதைப் படிக்கிறானா தெரியவில்லை. ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்ச். பெயர் மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை. தம்பி, அன்று உன்னை அதட்டியது என் தப்பு. படித்தால் கீழே ஒரு வார்த்தை எழுது.