பெயர் கேட்காத சோதனை

டேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தால் கிளந்தான் லேன் வந்துவிடும். அங்கே 31ஆம் புளோக்கின் கீழ்த்தளத்தில் பால்வினை நோய் கிளினிக். எங்கள் சைட்டில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், போன மாதம் டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அங்க பேரு சொல்லாமலே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கலாமாமே?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சிங்கப்பூரில் முதல் தொற்று தெரியவந்தது 1985இல். அடுத்த வருடமே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். இங்கே 1988இல் 'ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்' அமைப்பு தொடங்கியது. 1991 முதல் பெயர் கேட்காமல் சோதனை செய்தது. கிளந்தான் லேனில் அது பல வருடம் நடந்தது. பெயருக்குப் பதில் ஒரு எண், அவ்வளவுதான்.

1998 டிசம்பரில் பேடி சியூ என்பவர் தன் பெயரோடு, எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொன்ன முதல் சிங்கப்பூரர் அவர்தான். மறுவருடம் தன் கதையைத் தானே மேடையில் நடித்தார். ஆகஸ்டில் இறந்துபோனார்.

அவர் தானாகப் பெயரைச் சொன்னார். 2019 ஜனவரியில் தெரியவந்த கசிவில் 14,200 பேருக்கு அந்த வாய்ப்பே இல்லை. பதிவேட்டிலிருந்த பெயர், முகவரி எல்லாம் இணையத்தில் வந்துவிட்டன. அதில் 8,800 பேர் வெளிநாட்டினர். வொர்க் பெர்மிட் மெடிக்கலில் பாசிட்டிவ் வந்தால் வேலையும் போகும், ஊருக்கும் அனுப்பிவிடுவார்கள். அண்ணன் ஏன் குரலைத் தாழ்த்தினார் என்று புரிகிறதா?

தெரிந்ததைச் சொன்னேன். ஆணுறை இல்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, தொற்றுள்ள ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு: இப்படித்தான் பரவும். கொசு, ஒரே தட்டு, டார்மிட்டரி கழிவறை, எதிலும் வராது. தொற்றின ஆரம்ப வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம். மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் பரவாது. 2024இல் சிங்கப்பூர்ச் சட்டமே இதை ஏற்றுக்கொண்டது. அந்த நிலையில் இருப்பவர் துணையிடம் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது.

"அப்போ மாத்திர சாப்பிட்டா பொழச்சுக்கலாமா?" என்றார்.

"நல்லாவே வாழலாம்ணே. ஆனா முதல்ல தெரியணும்."

யாருக்காகக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.