சிதைந்த எழுத்தும் சீர்செய்த அன்பர்களும்

கணினித் திரையில் தமிழ் உலவத் தொடங்கிய காலத்தே ஒரு துன்பமும் உடன் தோன்றியது. சிங்கப்பூரில் ஒருவர் எழுதியனுப்பிய தமிழ், பிறநாட்டில் இருந்தவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. பொறியே பழுதுற்றது எனப் பலர் கருதினர். பழுது பொறியிலன்று.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அக்காலத்து எழுத்துருவில் இருந்தவை 256 இடங்களே. உரோம எழுத்தின் இடத்திலேயே சிலர் தமிழை அமைத்தனர். எஞ்சிய மேற்பாதியில் வேறு சிலர் அமைத்தனர். ஒருவர் ககரத்துக்குத் தந்த எண்ணை மற்றொருவர் வேறோர் எழுத்துக்குத் தந்தார். குழப்பத்தின் வேர் இதுவே.

இதனைத் தீர்க்க முற்பட்டோருள் பலர் கணினியைத் தொழிலாகக் கொண்டவரல்லர். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் வேதியியல் அறிஞர், சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி எழுத்தாளர், ஆசிரியர்களைப் பயிற்றிய விரிவுரையாளர். 1997 மே திங்களில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பின்னர், ஆர்வலர் பலர் மின்னஞ்சல் வழியே வாதிட்டுத் 'திஸ்கி' என்னும் பொது முறையை வகுத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அம்முறையில் வழங்கியது. 1991இலேயே தமிழுக்கு இடந்தந்த ஒருங்குறி, கணினிகள் அதனை ஏற்றபின் பரவிற்று. அதில் ககரத்தின் எண் உலகெங்கும் 2965.

பள்ளி மலர்களும் மாணவர் கட்டுரைகளும் அடங்கிய பழைய கோப்புகள் இன்றும் சிதைந்து தோன்றுவதுண்டு. அவற்றை அழித்துவிடுதல் தகாது. எழுத்து அழியவில்லை, எண்முறையே வேறு. அம்முறையை அறிந்து ஒருங்குறிக்கு மாற்றின் தமிழ் மீளும்.