கேஸ் பேப்பரைச் சுமப்பவர்: மும்பையில் போதை நோயாளிக்கான தனியாள் பணியின் வரலாறு

சயான் மருத்துவமனைக்குப் போகும் தாராவிக்காரரின் கையில் முதலில் ஏறுவது கேஸ் பேப்பர். 'கேஸ் பேப்பர் எடுத்தாச்சா?' என்பது அங்கே தமிழாகவே ஆகிவிட்டது. மருத்துவர் எழுதுவது அந்தத் தாளில். அதை நனையாமல் வைத்திருந்து, மறுபடி வரும் நாளில் சரியான வாசலில் நீட்டுவது நோயாளியின் பொறுப்பு. காய்ச்சல்காரருக்கு இது முடியும். சாராயத்திலோ பிரவுன் சுகரிலோ விழுந்தவர் அடுத்த வாரம் அந்தத் தாளோடு வருவார் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல். அவரைத் தேடிப் போய், மருத்துவமனை, ரேஷன், வேலை, வழக்கு என எல்லாவற்றையும் ஒரே ஆள் தொடர்ந்து கவனிக்கும் முறையைத் தீவிரத் தனியாள் மேலாண்மை எனலாம். மும்பையில் இது குடிப்பவரைத் தேடி வரவில்லை, அவர் மனைவியின் வழியாக வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த முறையின் வேர், உதவித்தொகை பெறும் ஏழைகளை ஆராய்ந்த அமெரிக்க அறச்சங்கங்களில் இருக்கிறது. மேரி ரிச்மண்ட் 1917-இல் வெளியிட்ட 'சோஷியல் டயக்னோசிஸ்' அதற்குப் பாடநூலாயிற்று. அந்தப் பாடம் இந்தியாவில் முதலில் நடத்தப்பட்ட இடம் பம்பாய்தான். அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் நாக்பாடாவில் நடத்திவந்த குடியிருப்பு நல இல்லத்தில், 1936-இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. 1944-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறி, 1954-இல் செம்பூரை ஒட்டிய தேவனாருக்கு இடம்பெயர்ந்தது.

பள்ளி தொடங்கி மூன்றாம் ஆண்டே, 1939 ஆகஸ்ட் 1 அன்று, பி.ஜி. கேர் அமைச்சரவை பம்பாய் நகரில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதை முன்னின்று நடத்திய அமைச்சர் எம்.டி.டி. கில்டர் ஒரு மருத்துவர். இருந்தும் குடிப்பவரைப் பின்தொடரும் வேலை சமூகப் பணியாளரிடம் வரவில்லை, போலீஸிடம் போயிற்று. மொரார்ஜி தேசாய் உள்துறையைக் கவனித்த காலத்தில் 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பிறந்தது. 1951-இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது. உடல்நலம் காக்க மது தேவை என்று எழுதிக்கொடுத்தால் பெர்மிட் கிடைத்தது. அந்த வாசகம் இன்றும் மகாராஷ்டிர பெர்மிட்டில் இருக்கிறது. வசதியுள்ளவர் காகிதத்தில் நோயாளியானார், தாராவிக்காரர் குற்றவாளியானார். சதுப்பு ஓரங்களில் ஹாத்பட்டிச் சாராயம் காய்ச்சுவது பல வீடுகளுக்குப் பிழைப்பாயிற்று. மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே பெரும் கணபதிப் பந்தல் போட்ட வரதராஜ முதலியாரின் செல்வாக்கும் இந்தத் தொழிலில்தான் வளர்ந்தது. அவரை நினைவில் நிறுத்த 'நாயகன்' (1987) திரைப்படம் வந்தது. அந்தச் சரக்கைக் குடித்தவர்கள் போலீஸ் பதிவேட்டில் எண்களாக நின்றுபோனார்கள்.

1980-களின் தொடக்கத்தில் பிரவுன் சுகர் வந்தது, அதற்கு அடிமையானவரைக் குறிக்கும் 'கர்துல்லா' என்ற வசைச்சொல்லும் நிலைத்தது. 1981-இல் பாந்த்ராவில் ஃபாதர் ஜோ பெரேரா போதை மீட்புக்காகக் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கினார். 1986-இல் புனேயில் அனிதா, அனில் அவசட் இணையர் முக்தாங்கண் மீட்பு மையத்தை நிறுவினர். 1985-இன் போதைப்பொருள் சட்டம் சிகிச்சைக்கும் இடம் தந்தது: 39-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போதை நோயாளியைச் சிறைக்குப் பதில் மருத்துவத்துக்கு அனுப்பலாம், தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு 64ஏ பிரிவு விலக்களிக்கிறது. மத்திய அரசின் மானியம் தொண்டு நிறுவன மையங்களுக்குப் போனது. மானியத்தின் அலகு படுக்கை. அதிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனவரைப் பின்தொடர்வது விதியில் இருந்தாலும், கையிலிருக்கும் ஆட்களைக் கொண்டு எத்தனை சந்துகளுக்குத்தான் போக முடியும்?

இதே காலத்தில்தான் திருப்பம் வேறிடத்தில் நிகழ்ந்தது. 1984-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் பம்பாய் போலீஸ் ஆணையர் அலுவலகத்துக்குள் பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கிச் சமூகப் பணியாளர்களை அமர்த்தியது. அடிபட்டு வரும் பெண்ணுக்குக் கோப்பு திறக்கப்படும். கணவரை அழைத்துப் பேசுவார்கள், வீட்டுக்குப் போவார்கள், மாதக்கணக்கில் தொடர்வார்கள். கணவரின் குடி அந்தக் கோப்பில் ஒரு வரியாக நுழைந்தது. சயான் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனம், தாராவியில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை மையம் நடத்தியபோதும் இதேதான் நடந்தது. குடியைத் தேடி யாரும் போகவில்லை, ரத்தக் காயத்தைத் தேடிப் போனபோது குடி கண்ணில் பட்டது. நோயாளியாக அல்ல, காரணமாக.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. குடிக்கும் பெண் எந்தக் கோப்பிலும் எளிதில் சிக்குவதில்லை. அமெரிக்காவிலோ அவளையே தேடிப் போனார்கள்: நியூஜெர்சியின் எசெக்ஸ் மாவட்டத்தில் ஜான் மார்கன்ஸ்டெர்ன் குழு நடத்திய தனியாள் மேலாண்மை ஆய்வு, உதவித்தொகை பெறும், போதைக்கு அடிமையான பெண்களையே எடுத்துக்கொண்டது. 1996-இல் அமெரிக்க நலச்சட்டம் உதவித்தொகையை வேலையோடு கட்டிப்போட்டதன் பின்விளைவு அது. முகவரி எழுதிக்கொடுத்து அனுப்பப்பட்டவர்களைவிட, தனி மேலாளர் பின்தொடர்ந்த பெண்களில் போதையை விட்டிருந்தோர் ஏறத்தாழ இரு மடங்கு. நியூயார்க்கின் பிராங்ஸில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, சிகிச்சையில் சேர்வது சற்றுக் கூடியதே தவிர வேலை நிலவரம் அசையவில்லை. முறை மந்திரக்கோல் அல்ல என்பதற்கு இதுவும் சான்று.

மும்பையில், முறை பலன் தருமா என்ற கேள்வியை எழுப்பவே களம் இல்லை, ஏனெனில் உதவிப் பட்டியலும் சிகிச்சைப் பட்டியலும் சந்திப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டம் காசநோய், புற்றுநோய், எய்ட்ஸ், தொழுநோயால் உழைக்க இயலாதவரை ஏற்கிறது. குடிநோய் அதில் இல்லை. 2017-இன் மனநலச் சட்டமோ மது, போதை சார்ந்த மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. 2024-இல் தொடங்கிய லாட்கி பஹீண் திட்டத்தின் 1,500 ரூபாய் பெண்ணின் கணக்கில் விழுகிறது. வீட்டில் யார் குடிக்கிறார் என்று அது கேட்பதில்லை. கேட்காதது நல்லதே, அமெரிக்கா அதைக் கேட்டுத் தண்டித்தது. அரசு ஆதரவற்றவரைத் தன் முழுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் இடம் செம்பூரின் பிச்சைக்காரர் இல்லம். அங்கும் வழி 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கைதுதான். 2006-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் கோஷிஷ் என்ற களப்பணித் திட்டம் அந்த வட்டாரத்தில் வேலையைத் தொடங்கியபோது, உள்ளே இருப்பவரின் கதையைக் கேட்பதையே பணியாக எடுத்துக்கொண்டது.

எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி (2019), மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. போதையாளரை நேராகத் தேடிப் போகும் ஆள் இருந்தது ஊசி போடுவோருக்கு மட்டும், அதுவும் வேறொரு நோயின் பணத்தில். 1995-இல் எல்ட்ரெட் டெல்லிஸ் தொடங்கிய சங்கல்ப் என்ற தொண்டு நிறுவனம், தெருவில் ஊசி போட்டுக்கொள்வோரிடம் நேராகப் போயிற்று. சுத்தமான ஊசி, மாற்று மருந்தான புப்ரெனார்ஃபின், புண்ணுக்கு மருந்து. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் பின்னர் இதே போக்கை விதியாக்கி, 40 பேருக்கு ஒரு சகப் பணியாளர் என்று வகுத்தது. அவரும் ஒருகாலத்தில் ஊசி போட்டவராகவே இருப்பார். தன் நாற்பது பேரும் எந்தப் பாலத்தடியில் படுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இந்நகரில் தீவிரத் தனியாள் மேலாண்மைக்கு மிக அருகில் வருவது அவர் வேலைதான். ஆனால் அவரது சம்பளம் எச்.ஐ.வி.க்கானது. ஊசியை விட்டுவிட்டு ஹாத்பட்டிக்கு மாறியவர் அந்த நாற்பதில் இல்லை.